ஓதம் அடிக்கும் பேஸ்மென்ட்டில் ஜிப்சம் போர்டு: மூட்டுக்கு எந்த டேப்?

சுவர்க்கோழி எழுதியது:

வணக்கம். பேஸ்மென்ட்டில் ஒரு அறையைத் தடுத்து, உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறேன். மரச்சட்டம் நிறுத்தியாயிற்று, வயரிங்கும் முடிந்தது. அடுத்து ஜிப்சம் போர்டு அடித்து மூட்டுகளை மூட வேண்டும். இரண்டு சுவர்கள் மண்ணை ஒட்டி நிற்பவை. தண்ணீர் கசிந்து ஓடியதெல்லாம் கிடையாது. ஆனால் மழை பிடித்துக்கொண்டால் உள்ளே ஒரு ஓத வாடை வரும், மூலையில் வைத்த அட்டைப்பெட்டியைத் தொட்டால் நமத்துப்போயிருக்கும்.

என் குழப்பம் டேப்பில்தான். விசாரித்த இடத்தில் ஒருவர் பேப்பர் டேப்பைத் தவிர வேறு எதுவும் விரிசல் விடாமல் நிற்காது என்றார். இன்னொருவர், ஓதம் இருக்கிற இடத்தில் பேப்பரா, பூஞ்சைக்கு விருந்து வைக்கிறீர்களா, மெஷ் டேப் வாங்குங்கள் என்றார். இவை இரண்டும் இல்லாமல் மெல்லிய துணி மாதிரி வெள்ளையாக ஒரு ஃபைபர்கிளாஸ் டேப்பும் இருக்கிறதாம். போர்டு இன்னும் வாங்கவில்லை, பச்சை நிறத்தில் வருகிற ஈரம் தாங்கும் போர்டைத்தான் நினைத்து வைத்திருக்கிறேன். எந்த டேப், அதோடு மூட்டில் பூச எந்தப் பட்டி, விவரமாகச் சொன்னால் நல்லது. வேலையை நானேதான் செய்யப்போகிறேன், அவசரம் ஒன்றும் இல்லை.

பட்டித்தகடு எழுதியது:

பேப்பர் டேப்தான் தம்பி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பூஞ்சை பூஞ்சை என்று பயமுறுத்துகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் வாங்கப்போகிற போர்டின் முன்பக்கம் என்ன? பேப்பர். பின்பக்கம்? அதுவும் பேப்பர். பச்சை போர்டும் அதே கதைதான், தண்ணீரைச் சீக்கிரம் குடிக்காமல் இருக்க பேப்பரிலும் உள்ளே இருக்கிற ஜிப்சத்திலும் சேர்மானம் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். சுவர் முழுக்க இரண்டு பக்கமும் பேப்பரை மாட்டிவிட்டு, மூட்டில் வருகிற 5 செ.மீ. பட்டைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது என்ன கணக்கு?

டேப்பின் வேலை மூட்டை விரியவிடாமல் பிடிப்பது. பேப்பரை நீளவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் நீளாது. நடுவில் மடிப்புக் கோடு இருப்பதால் உள்மூலையில் நேராக உட்காரும். மெஷ் டேப் ஒட்டச் சுலபம் என்பது உண்மை, பின்னால் பசை இருக்கிறது, உருட்டிக்கொண்டே போகலாம். ஆனால் அது வலை. ஒரு துண்டைக் கோணல்வாட்டில் இழுத்துப் பாருங்கள், சதுரக் கட்டமெல்லாம் சாய்ந்துவிடும். அடியில் இருப்பது அப்படி நெளிந்துகொடுத்தால் மேலே இருக்கிற பட்டி விரியாமல் என்ன செய்யும்? மூலையில் மடித்தால் மடிப்பும் நிற்காது, பட்டி பூசுகிற தகடு பட்டால் இழை அறுந்து மயிர் மயிராக வெளியே வரும்.

தாழ்வாரம் எழுதியது:

அண்ணா சொல்வதில் பாதிக்கு நானே சாட்சி. எங்கள் பேஸ்மென்ட்டில் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்திருந்தோம். எல்லா மூட்டுக்கும் மெஷ் ஒட்டி, பக்கெட்டில் தயாராக வருகிற பட்டியை அப்படியே அள்ளிப் பூசிவிட்டுப் போனார்கள். பெயின்ட் அடித்த புதிதில் பார்க்க நன்றாகவே இருந்தது. அடுத்த குளிர்காலத்தில் மூட்டு மூட்டாக மயிரிழை விரிசல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் பெயின்டுக்கு அடியில் வலையின் குட்டிக் குட்டிக் கட்டங்கள் அப்படியே தெரியும். ஒரு இடத்தில் தகட்டை விட்டு நெம்பினேன், பட்டி வலையைப் பிடிக்கவே இல்லை, பொரபொரவென்று உதிர்ந்தது. வலை மட்டும் புதிதாக ஒட்டின மாதிரி பளிச்சென்று இருந்தது.

ஆனால் இதற்கு மெஷ்ஷைக் குற்றம் சொல்வது பாதி நியாயம்தான். பெரும்பாலான மெஷ் உருளைகளின் உறையிலேயே, முதல் பூச்சுக்குத் தானாக இறுகும் தூள் பட்டிதான் போட வேண்டும் என்று அச்சடித்திருப்பார்கள். பக்கெட் பட்டி காய்ந்து இறுகுவது, தண்ணீர் ஆவியாகப் போகப் போகச் சுருங்கும், வலையின் ஓட்டைகளில் இருக்கிற பட்டி சுருங்கினால் அங்கேயே வெட்டு விழும். தூள் பட்டி தண்ணீரோடு வினைபுரிந்து திரும்பவும் ஜிப்சம் கல்லாக மாறுவது, அதில் சுருக்கம் மிகக் குறைவு, பிடிப்பும் அதிகம். பேப்பர் டேப் பலத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறது, அதற்கு எந்தப் பட்டியானாலும் ஒத்துப்போகும். மெஷ்ஷுக்கு அந்தப் பலம் பட்டியிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே டேப்பையும் பட்டியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டும் ஜோடி.

ஈரமானி எழுதியது:

எல்லோரும் டேப்புக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு கேள்வி. சுவர்க்கோழி, ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? வெளியே மண்ணிலிருந்து கான்கிரீட் வழியாக ஊறி வருகிற ஈரம் ஒரு வகை. அறைக்குள் இருக்கிற காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பது இன்னொரு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், வைத்தியம் மட்டும் வேறு வேறு.

கண்டுபிடிப்பது சுலபம். கனமான பிளாஸ்டிக் தாளைச் சுமார் 45 செ.மீ. சதுரமாக வெட்டி, வெறும் கான்கிரீட் மேல் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். தரை, சுவர் இரண்டிலும் ஒவ்வொன்று. ஏ.எஸ்.டி.எம். என்கிற தர நிர்ணய அமைப்பின் டி 4263 முறையில் குறைந்தது 16 மணி நேரம் விடச் சொல்லியிருக்கிறது, ஒன்றிரண்டு நாள் விட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். பிரித்துப் பார்க்கும்போது கான்கிரீட்டைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் ஈரமாகவோ, கான்கிரீட் நிறம் கருத்தோ இருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் துளி நின்றால் அது காற்றின் ஈரம். மழை பெய்கிற நாளில் செய்யுங்கள், வெயில் நாளில் செய்து நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. சுவரில் எங்காவது வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள், உப்புப் பூத்த இடத்தில் தண்ணீர் ஏதோ ஒரு காலத்தில் வந்துபோயிருக்கிறது.

மண்ணிலிருந்துதான் வருகிறது என்றால் போர்டே அடிக்காதீர்கள், முதலில் வெளி வடிகாலையும் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தையும் கவனியுங்கள். எந்த டேப்பும் அதற்குப் பதிலாகாது.

சுவர்க்கோழி எழுதியது:

ஈரமானி சொன்னபடி செய்து பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குள் ஒரு சந்தேகம். கடை உறைகளில் சிலவற்றில் ஈரம் தாங்கும் என்றும் சிலவற்றில் பூஞ்சை தாங்கும் என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

கண்ணாடிநார் எழுதியது:

ஒன்றில்லை. ஈரம் தாங்கும் என்றால் தண்ணீரை மெதுவாக உறிஞ்சும் என்று பொருள். பூஞ்சை தாங்கும் என்றால் அதற்கென்று தனிச் சோதனை இருக்கிறது, ஏ.எஸ்.டி.எம். டி 3273. வெதுவெதுப்பான ஈரப் பெட்டிக்குள் பூஞ்சை வித்துகளோடு 4 வாரம் தொங்கவிட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். 10 என்றால் அந்த 4 வாரத்தில் மேலே எதுவும் படரவில்லை என்று அர்த்தம். உங்கள் வீட்டில் காலத்துக்கும் வராது என்ற உத்தரவாதம் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பட்டித்தகடு அண்ணா கேட்ட கேள்வி சரியான கேள்விதான், போர்டே பேப்பராக இருக்கும்போது டேப்பைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்கிறார். அதே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். போர்டை ஏன் பேப்பரில் வாங்க வேண்டும்? ஜிப்சம் என்பது கல், பூஞ்சைக்கு அதில் சாப்பிட ஒன்றுமில்லை. சாப்பாடு முழுக்க மேலே ஒட்டியிருக்கிற பேப்பரில் இருக்கிறது. பேப்பருக்குப் பதிலாக இரண்டு பக்கமும் கண்ணாடி இழைப் பாய் ஒட்டிய போர்டுகள் வருகின்றன, டென்ஸ்ஆர்மர் பிளஸ் மாதிரி. பேஸ்மென்ட்டில் பூஞ்சை பெரும்பாலும் போர்டின் பின்பக்கத்தில், கான்கிரீட்டைப் பார்த்த பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். முன்பக்கம் கறுப்புப் புள்ளி தெரியும்போது பின்னால் காடாகியிருக்கும். ஆகவே செலவு செய்வதென்றால் முதலில் போர்டில் செய்யுங்கள்.

அந்தப் போர்டை அடித்துவிட்டு மூட்டில் பேப்பர் டேப் போட்டீர்களானால் சுவரிலேயே பூஞ்சைக்கு இருக்கிற ஒரே தீனி அந்தப் பட்டைதான். அங்கே கண்ணாடி இழை டேப்தான் பொருத்தம். பேப்பர் போர்டு என்றால், அண்ணா சொன்னபடி, டேப்பை மட்டும் மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

பட்டித்தகடு எழுதியது:

கண்ணாடிப் பாய் போர்டு என்றால் பேச்சே வேறு, அதில் நானும் பேப்பர் போட மாட்டேன். தம்பி பச்சை போர்டு என்றதால்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் அந்தப் போர்டின் முகம் கொஞ்சம் சொரசொரப்பு, பெயின்டுக்கு முன்னால் முழுச் சுவருக்கும் மெல்லிசாக ஒரு பூச்சு இழுத்தால்தான் வழவழப்பு வரும். வேலை கூடும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். தூக்கிப் பொருத்தும்போது கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம், இல்லையென்றால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பீர்கள்.

சுவர்க்கோழி எழுதியது:

பிளாஸ்டிக் தாள் சோதனை முடிந்தது. நல்ல மழையில்தான் செய்தேன். சுவரிலும் தரையிலும் கான்கிரீட்டைத் தொட்ட பக்கம் காய்ந்தே இருந்தது, நிறமும் மாறவில்லை. சுவரில் ஒட்டிய தாளின் வெளிப்பக்கத்தில், கீழ்ப்பாதியில் மட்டும், பனி படிந்த மாதிரி பொடிப் பொடித் துளிகள். உப்பு எங்கும் இல்லை. அப்படியானால் இது காற்றின் ஈரம்தானே?

ஈரமானி எழுதியது:

ஆமாம், நல்ல செய்தி. காற்று 25 டிகிரி செல்சியஸில் 70 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால் சுமார் 19 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பிலும் அது தண்ணீராக இறங்கும். மண்ணுக்குள் புதைந்த சுவரின் கீழ்ப்பாதி அதைவிடக் குளிர்ந்திருப்பது சகஜம், அதனால்தான் உங்களுக்குக் கீழே மட்டும் துளி. அதே காற்றை 50 சதவீதத்துக்கு இறக்கினால் பனிநிலை, அதாவது ஈரம் தண்ணீராக இறங்குகிற வெப்பநிலை, சுமார் 14 டிகிரிக்குப் போய்விடும், சுவர் வியர்ப்பது கிட்டத்தட்ட நின்றுவிடும். காற்றின் ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையர் ஒன்றை வைத்து 60 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள், 50க்குக் கீழே வைத்தால் உத்தமம். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் கொடுக்கிறேன் என்று வெளியே இருக்கிற ஈரத்தை உள்ளே அழைக்காதீர்கள்.

கான்கிரீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஃபோம் பலகை ஒட்டியிருக்கிறீர்களா? அது இருந்தால் அறைக் காற்று குளிர்ந்த கான்கிரீட்டைத் தொடாது. அதன்மேல் பிளாஸ்டிக் தாள் மட்டும் விரித்துவிடாதீர்கள். மண் பக்கத்துச் சுவர் உள்பக்கமாகத்தான் காய முடியும், அந்த வழியையும் அடைத்தால் ஈரம் நடுவில் மாட்டிக்கொள்ளும். பெயின்டும் சாதாரண லேடெக்ஸ் போதும். வினைல் வால்பேப்பர் வேண்டவே வேண்டாம்.

சுவர்க்கோழி எழுதியது:

ஃபோம் பலகை ஒட்டி ஓரங்களையும் அடைத்துவிட்டேன், பிளாஸ்டிக் தாள் போடவில்லை. டீஹியூமிடிஃபையர் வாங்கிவிடுகிறேன். போர்டும் கண்ணாடிப் பாய் போர்டு என்று முடிவு. அப்படியென்றால் டேப்பில் மெஷ்ஷா, துணி மாதிரி இருக்கிறதா? இரண்டும் கண்ணாடி இழைதானே, என்ன வித்தியாசம்?

கண்ணாடிநார் எழுதியது:

மெஷ் என்பது நெய்த வலை, பசை தடவியது. மற்றது நெய்யாதது, கண்ணாடி இழைகளைப் பேப்பர் மாதிரி பரப்பி ஒட்டவைத்த மெல்லிய பாய். ஃபைபாஃபியூஸ் என்ற பெயரில் வருவதுதான் பரவலாகத் தெரிந்தது. பசை இருக்காது, பேப்பர் டேப் போலவே முதலில் பட்டி பூசி அதில் பதிக்க வேண்டும்.

நான் அதன் பக்கம்தான். முதல் காரணம் குமிழ். பேப்பருக்கு அடியில் பட்டி போதாமல் போனால் காய்ந்த பிறகு அந்த இடம் உப்பிக்கொண்டு நிற்கும், விரலால் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும், வெட்டி எடுத்துத் திரும்பப் போட வேண்டியதுதான். இழைப் பாயில் பட்டி அடியிலிருந்து மேலே ஊடுருவி வந்துவிடும். தகட்டை இழுக்கும்போதே வெள்ளைப் பட்டை நனைந்து நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும், நனையாத இடம் உடனே காட்டிக்கொடுத்துவிடும், அங்கே இன்னும் கொஞ்சம் பட்டி கொடுத்தால் முடிந்தது. முதல்முறை செய்கிறவருக்கு இது பெரிய உதவி. அடுத்தது, மெஷ்ஷை விட மெல்லியது, போர்டின் குறுக்கு ஓரங்கள், அதாவது சரிவு இல்லாத வெட்டு ஓரங்கள், சேருகிற மூட்டில் மேடு தட்டாது. அப்புறம் இதற்குக் காய்கிற பட்டி, இறுகுகிற பட்டி இரண்டுமே ஒத்துக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. கையால் கிள்ளினாலே கிழியும். நீளவாட்டில் நன்றாகத் தாங்குகிற அதே டேப்பைத் தகட்டின் கூர்மையான முனையால் அழுத்தினால் அறுந்துவிடும், முக்கியமாக உள்மூலையில். தகட்டு முனையை அரத்தால் லேசாக மழுக்கிக்கொள்ளுங்கள், பட்டியையும் சற்றுத் தளர்வாகக் கலக்குங்கள், அழுத்தம் குறைவாக இருக்கட்டும். பெரும்பாலும் மடிப்புக் கோடு இருக்காது, மூலைக்குக் கையால் மடித்துத்தான் வைக்க வேண்டும். கடைசியில் உப்புத்தாள் போடும்போது டேப் வரைக்கும் தேய்த்துவிடாதீர்கள், இழை வெளியே வந்தால் பெயின்டில் முள் முள்ளாகத் தெரியும்.

தாழ்வாரம் எழுதியது:

மெஷ்ஷையும் முழுசாகத் தள்ளிவிட வேண்டாம். போர்டின் நீள ஓரம் சரிவாக இருக்கிறதே, அந்தப் பள்ளமான மூட்டில் மெஷ் ஒட்டி இறுகுகிற பட்டி நிரப்பினால் அருமையாக நிற்கும். எங்கள் வீட்டில் உதிர்ந்ததையெல்லாம் சுரண்டிவிட்டு அப்படித்தான் திரும்பப் போட்டோம், இன்றுவரை ஒரு கோடு இல்லை. மூலைக்கும் வெட்டு ஓர மூட்டுக்கும்தான் அது ஆகாது.

இன்னொன்று, யாராவது தரையோரத்தில் சிமென்ட் போர்டு போடலாம் என்று யோசனை சொன்னால், அதன் மூட்டுக்கு இந்த மெஷ் வேண்டாம். சிமென்ட்டின் காரம் சாதாரணக் கண்ணாடி இழையை அரித்துவிடும், அதற்கென்று காரம் தாங்கும் மெஷ் தனியாக இருக்கிறது. கடை அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் தொங்கும்.

பட்டித்தகடு எழுதியது:

டேப் வகையைப் பற்றி இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், அந்த டேப் எங்கே போய் முடிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. போர்டை நிற்கவைத்து அடித்தால் ஒவ்வொரு மூட்டும் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஓடும், டேப்பின் கீழ் நுனி போய் நிற்பது அறையிலேயே குளிர்ந்த, ஈரமான இடத்தில். படுக்கவைத்து அடித்தால் நீள மூட்டு தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் போகும், தரை வரைக்கும் இறங்குவது வெட்டு ஓர மூட்டு மட்டும்தான். நீள போர்டாக வாங்கினால் அதுவும் ஒன்றிரண்டோடு முடிந்துவிடும். என்றைக்காவது தண்ணீர் புகுந்தால்கூடக் கீழ்வரிசையை மட்டும் கழற்றி மாற்றலாம். பேஸ்மென்ட்டில் நான் படுக்கவைத்துத்தான் அடிப்பேன்.

போர்டைத் தரையில் உட்காரவைக்காதீர்கள். குறைந்தது 6 மி.மீ. இடைவெளி வேண்டும், பேஸ்மென்ட்டில் நான் 12 மி.மீ. விடுவேன். சுவரடியில் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங் பட்டை வந்து மறைத்துவிடும். இடைவெளி விட்டால் மட்டும் போதாது, அதில் பட்டி வழிந்து தரையைத் தொட்டு நிற்கக் கூடாது. நான் பிரித்துப் பார்த்த பழைய சுவர் ஒன்றில் இடைவெளியெல்லாம் ஒழுங்காக விட்டிருந்தார்கள், ஆனால் மூட்டு இறங்குகிற இடத்தில் மட்டும் சிந்தின பட்டி தரைக்கும் போர்டுக்கும் நடுவில் கட்டியாக இறுகியிருந்தது. அந்தக் கட்டிக்கு நேர்மேலே டேப் ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்திருந்தது, இரண்டு பக்கமும் போர்டு சுத்தம். பட்டி தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிவிடும். டேப்பைத் தரைக்கு ஒரு விரற்கடை மேலேயே வெட்டி நிறுத்துங்கள், சிந்தினதை அன்றன்றைக்கே சுரண்டிவிடுங்கள்.

சுவர்க்கோழி எழுதியது:

படுக்கவைத்து அடிப்பது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா, அப்படியே செய்கிறேன். தூள் பட்டி விஷயம் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பையில் 20, 45, 90 என்று எண்கள் போட்டிருக்கின்றன, கலந்த உடனே கல்லாகிவிடும் என்று ஒருவர் மிரட்டினார். இழைப் பாய் டேப்புக்குக் காய்கிற பட்டியே ஒத்துக்கொள்ளும் என்கிறபோது பக்கெட் பட்டியிலேயே முடித்துக்கொள்ளக் கூடாதா?

தாழ்வாரம் எழுதியது:

முடிக்கலாம், ஆனால் பேஸ்மென்ட்டில் முதல் பூச்சுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். பக்கெட் பட்டி காய்வதற்குக் காற்று அதன் தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஓதக் காற்று ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, வாங்காது. மேலே தோல் கட்டிக்கொண்டு அடியில் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், அதன்மேல் அடுத்த பூச்சைப் போட்டால் பிறகு எல்லாம் சேர்ந்து சுருங்கும். அதன் சேர்மானத்தில் பூஞ்சை தின்னக்கூடிய பசைப் பொருட்களும் உண்டு. மூடியை ஒழுங்காக மூடாத பழைய பக்கெட்டைத் திறந்து பாருங்கள், மேலே கறுப்பும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும், வாடையே சொல்லிவிடும். தூள் பட்டி இறுகுவதற்குக் காற்றின் தயவு தேவையில்லை.

எண்கள் நிமிடக் கணக்கு. 90 வாங்குங்கள், முதல்முறைக்கு நிதானமாகச் செய்ய நேரம் கிடைக்கும். ஒரு மூட்டுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் இறுகும், ஆகவே குளிர்ந்த தண்ணீர். தண்ணீரில் தூளைப் போடுங்கள், தூளில் தண்ணீரை ஊற்றாதீர்கள், கட்டி தட்டும்.

கண்ணாடிநார் எழுதியது:

தூளிலும் இரண்டு குணம் இருக்கிறது. ஷீட்ராக் என்கிற பிராண்டில் டியூராபாண்ட் என்பது இறுகினால் கல், உப்புத்தாளுக்கு மசியாது. ஈஸி சாண்ட் என்பது தேய்க்க வரும், ஆனால் அவ்வளவு கடினம் இல்லை. வேறு கம்பெனிகளிலும் இதே மாதிரி பிரிவு உண்டு. டேப் பதிக்கிற முதல் பூச்சுக்குக் கல்லாகிறதைப் போடுங்கள், மேல் பூச்சுகளுக்குத் தேய்க்க வருகிறது. முதல் பூச்சில் மேடு விடாமல் ஈரத்திலேயே வழித்துவிட்டால் தேய்க்கிற வேலையே வராது.

ஈரமானி எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம். இறுகுவது வேறு, காய்வது வேறு. வினைக்கு வேண்டிய தண்ணீரைவிட அதிகமாக ஊற்றித்தான் கலக்குகிறோம், மிச்சத் தண்ணீர் இறுகிய பட்டிக்குள்ளேயே இருக்கும். இறுகிய உடனே அடுத்த பூச்சு போடலாம், அதில் தப்பில்லை. பெயின்ட் மட்டும் கூடாது. பட்டி முழுக்க ஒரே வெளுப்பாக மாறட்டும், கறுத்த திட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பட்டி வேலை நடக்கிற நாட்களில் டீஹியூமிடிஃபையரை ஓடவிடுங்கள், அறையின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்காக ஹீட்டரைச் சுவருக்கு நேராகத் திருப்பி வைத்துச் சூடேற்றவும் வேண்டாம்.

பூஞ்சை தாங்கும் டேப் போட்டுவிட்டோம் என்று இருந்துவிடவும் வேண்டாம். கண்ணாடி இழையின் மேல் தூசி படிந்து ஈரமும் நின்றால் பூஞ்சை அந்தத் தூசியைத் தின்றே படரும். எங்காவது நனைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட வேண்டும்.

சுவர்க்கோழி எழுதியது:

சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன். கண்ணாடிப் பாய் போர்டு, படுக்கவாட்டில், தரையிலிருந்து 12 மி.மீ. மேலே. எல்லா மூட்டுக்கும் இழைப் பாய் டேப், முதல் பூச்சு கல்லாகிற 90 தூள், மேலே தேய்க்க வருகிற தூள். ஜன்னல் பக்கம் ஒரு வெளிமூலை இருக்கிறது, அதற்கு இரும்பு முனைப்பட்டை கைவசம் இருக்கிறது, போடலாமா? இன்னொன்று, ஒரே பக்கெட்டில் திரும்பத் திரும்பக் கலக்கலாம்தானே?

பட்டித்தகடு எழுதியது:

இரும்பு வேண்டாம், வினைல் முனைப்பட்டை வாங்குங்கள். வேலையில் எங்காவது இரும்பின் மேலிருக்கிற துத்தநாகப் பூச்சு உரிந்தால் அங்கே துருப்பிடித்துப் பெயின்டுக்கு மேல் மஞ்சள் கோடாக இறங்கும்.

பக்கெட்டையும் தகட்டையும் ஒவ்வொரு கலவைக்கும் நடுவில் சுத்தமாகக் கழுவுங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கிற இறுகின துணுக்கு அடுத்த கலவையைத் தூண்டிவிடும், 90 என்று நம்பிக் கலந்தது பாதி நேரத்தில் கையிலேயே இறுகும். கழுவின தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் ஊற்றாதீர்கள், அங்கே போய் இறுகும், பிறகு பிளம்பரைத்தான் தேட வேண்டும்.

டேப்பில் ஒரே ஒரு விஷயத்தில் நான் இன்னும் கண்ணாடிநாரோடு ஒத்துப்போகவில்லை. கூரையும் சுவரும் சேருகிற உள்மூலையில் மரச்சட்டம் பருவத்துக்குப் பருவம் அசையும், அது தரையிலிருந்து ரொம்ப உயரத்தில், அறையிலேயே காய்ந்த இடம். அங்கே மட்டும் பேப்பர் டேப்பை இறுகுகிற பட்டியில் பதிப்பேன்.

கண்ணாடிநார் எழுதியது:

அங்கேயும் இழைப் பாய் தாங்கும் அண்ணா, மடித்துப் பதிக்கிற கை பழகினால் போதும். ஆனால் முதல்முறை செய்கிற கைக்குக் கூரை மூலையில் அது இரண்டு மூன்று இடத்தில் அறுபடும் என்பது உண்மைதான். சுவர்க்கோழி, மீந்த போர்டுத் துண்டு இரண்டை மூலையாகச் சேர்த்து நிறுத்தி அதில் ஒரு முழம் போட்டுப் பாருங்கள். அறுபடாமல் வந்தால் கூரைக்கும் அதையே போடுங்கள், இல்லையென்றால் அண்ணா சொன்ன பேப்பர்.